சுருளிலிருந்து அட்டைக்கு
(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் காமிராவைப் பற்றி ஓர் உரை எதற்கு என்னும் ஐயம் சிலருக்கு எழலாம். அதற்கு விடை இந்த அவைக்குள்ளேயே இருக்கிறது. இவ்வட்டத்தின் முதற்கூட்டம் நடந்த அன்று படம் எடுத்தவர் ஒருவர் இருவர் அல்லர். கையில் செல்பேசி வைத்திருந்தோர் அனைவருமே எடுத்தனர். அப்படங்களுள் ஒன்றை இப்பொழுது காட்டுங்கள் என்று கேட்டால், அவையில் எத்தனை பேர் எடுத்துக் காட்ட இயலும்? பழைய செல்பேசி பழுதாயிற்று, எண் மாறிற்று, அட்டை நிரம்பியதால் அழிக்க நேர்ந்தது என்ற மறுமொழிகளே மிகுதியாக வரும். இது யாரையும் குறை கூறுவதன்று. பிலிம் காமிரா விடைபெற்று டிஜிட்டல் காமிரா வந்த கதையின் நெஞ்சுப்பகுதி இந்த மறுமொழிகளில்தான் இருக்கிறது.

இக்கலைக்குத் தமிழில் மூன்று பெயர்கள் வழங்குகின்றன. புகைப்படம் என்பார் பலர். நிழற்படம் என்பார் சிலர். ஒளிப்படம் என்பதே பொருந்தும் என்று வாதிடுவோரும் உண்டு. புகை, நிழல், ஒளி ஆகிய மூன்றும் கையில் பிடிபடாதவை என்பது கவிஞர்கள் கவனிக்கத்தக்கது. தொழில் செய்தவர்களோ மூன்றையும் விட்டுப் ‘போட்டோ’ என்றே சொல்லிவந்தனர். ஆனால் அவர்களிடம் ஒரு நல்ல வினைச்சொல் இருந்தது. அது ‘கழுவுதல்’. படம் எடுப்பது ஒரு செயல். படம் கழுவுவது மற்றொரு செயல். இருட்டறையில் சுருளை டெவலப்பரில் முக்கி, ஹைப்போவில் கிடத்தி, ஓடும் தண்ணீரில் அலசி, கொடியில் கிளிப்பு மாட்டித் தொங்கவிட்டனர். தண்ணீர் சரியில்லையென்றால் படம் சரியாக வராது. உப்பும் மண்ணும் கலந்த தண்ணீரில் அலசிய நெகடிவில் உலர்ந்தபின் திட்டுத்திட்டாகக் கறை தெரியும். நெல்லுக்குத் தண்ணீர் பார்ப்பது போலப் படத்துக்கும் தண்ணீர் பார்த்த காலம் அது. ‘படம் கழுவி வந்துவிட்டதா?’ என்ற கேள்வி இன்று இளையவர்களுக்குப் புரிவதில்லை. டிஜிட்டல் வந்தபோது வழக்கொழிந்தவற்றுள் முதலாவது இந்த வினைச்சொல்.

நன்னிலம் போன்ற சிற்றூர்களின் கடைத்தெருவில் ஸ்டுடியோ என்பது ஒரு பெரிய நிறுவனம் அன்று. முன்னால் ஒரு கண்ணாடிப் பெட்டி, உள்ளே வரைந்த திரை, ஒரு நாற்காலி, ஒரு முக்காலி, முகம் பார்க்கும் கண்ணாடி, பவுடர் டப்பா, சீப்பு. அதற்கும் உள்ளே சிவப்பு விளக்கு எரியும் இருட்டறை. பள்ளிச் சான்றிதழுக்கு, வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவுக்கு, வங்கிக் கடனுக்கு, சிங்கப்பூருக்கோ வளைகுடாவுக்கோ புறப்படுவோரின் பாஸ்போர்ட்டுக்கு என்று படம் எடுக்க வருவோரே அன்றாட வரும்படி. அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும் தை, மாசி மாதங்களின் கல்யாணங்களே பெருவரும்படி.

ஒரு சுருளுக்கு 36 படம். கைத்திறம் உள்ளவர் முனையை மிச்சம் பிடித்து 37 அல்லது 38 எடுத்துவிடுவார். இந்த எண்ணிக்கைதான் அந்தக் காலத்தின் இலக்கணம். மாலை மாற்றுவதற்கு இரண்டு, தாலி கட்டும்போது மூன்று, பெண் வீட்டாரோடு ஒன்று, மாப்பிள்ளை வீட்டாரோடு ஒன்று என்று முகூர்த்தத்துக்கு முன்பே மனத்துக்குள் பங்கீடு நடந்துவிடும். மேடைக்கு வந்து நின்ற எல்லாரையும் எடுத்தால் சுருள் தீர்ந்துவிடும். எடுக்காவிட்டால் உறவு முறிந்துவிடும். ஆகவே சில வேளைகளில் ஃபிளாஷ் மட்டும் மின்னும், காமிராவுக்குள் ஒன்றும் பதியாது. இதை அறியாதார் யாரும் இல்லை. அறிந்தும் சிரித்துக்கொண்டே நின்றார்கள். வெற்று ஒளிக்கு முன் சிரித்த அந்த முகங்களின் தொகையை இனி யாரும் கணக்கெடுக்க இயலாது.

எடுத்த படத்தை அன்றே பார்க்க முடியாது. சுருளில் நான்கைந்து படம் மிச்சமிருந்தால் அடுத்த விசேஷம் வரும்வரை காத்திருக்க வேண்டும். கறுப்பு வெள்ளைப் படத்தை உள்ளூரிலேயே கழுவினர். வண்ணச் சுருளோ பஸ்ஸில் ஏறிப் பெரிய ஊரின் லேபுக்குப் போய்த் திரும்ப வேண்டும். அதற்குள் மணமகன் வெளிநாட்டுக்கே போயிருப்பார். ஆல்பம் பின்னால் தபாலில் போகும். கண் மூடியிருந்தால் மூடியதுதான். மறுபடி எடுக்கும் பேச்சுக்கு இடமில்லை.

இவற்றினும் முக்கியமானது வேறொன்று. அச்சிட்ட படம் வாடிக்கையாளருக்குப் போகும். நெகடிவ் ஸ்டுடியோவிலேயே தங்கும். தாள் உறையில் எண்ணும் நாளும் எழுதிப் பெட்டியில் அடுக்கியிருப்பர். படத்தின் பின்புறத்தில் அதே எண் இருக்கும். இருபது ஆண்டுகள் கழித்துப் பாட்டனார் இறந்த அன்று எண்ணைச் சொன்னால், பெட்டியைத் துழாவி, அக்குழுப்படத்திலிருந்து அவர் முகத்தை மட்டும் பெரிதாக்கி, தோளுக்குக் கீழே ‘டச்சிங்’ செய்து, மாலை போடுவதற்கு முன் சட்டத்துக்குள் வைத்துக் கொடுப்பார் ஸ்டுடியோக்காரர். இந்த ஊரின் முகங்களைக் காத்து வை என்று அவரை யாரும் நியமிக்கவில்லை. மறு அச்சுக்குக் காசு கிடைக்கும் என்பதற்காகவே அவர் காத்தார். ஆனாலும் காத்தார்.

அந்த நெகடிவ் என்ன பொருள் என்பதையும் ஒரு சொல்லில் சொல்லிவிட வேண்டும். வெள்ளியின் உப்பு, மாட்டெலும்பிலும் தோலிலும் எடுத்த ஜெலட்டின், அடியில் ஒரு நெகிழ்தாள், அவ்வளவே. தமிழ்நாட்டிலேயே அது செய்யப்பட்டது. உதகமண்டலத்தில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் மத்திய அரசு நிறுவனம் 1960-இல் தொடங்கப்பெற்று, 1967-இல் உற்பத்தியில் இறங்கியது. ‘இந்து’ என்ற பெயரில் அது விற்ற கறுப்பு வெள்ளைச் சுருளையும் அச்சுத்தாளையும் அக்காலத்து ஸ்டுடியோக்காரர்கள் மறந்திருக்கமாட்டார்கள். டிஜிட்டல் காமிராதான் அதை வீழ்த்தியது என்று கருதுவோர் உண்டு. அது பிழை. 1996-இலேயே நலிந்த நிறுவனம் என அது அறிவிக்கப்பட்டுவிட்டது. அப்போது டெல்டாவில் டிஜிட்டல் காமிராவைக் கண்ணால் கண்டவர்களே அரியர். வண்ணப் படம் பரவியதும், இறக்குமதிக் கதவு திறந்ததும் முதலில் அடித்தன. டிஜிட்டல் வந்து எஞ்சியதை முடித்தது. 2014-இல் அதை மூட மத்திய அமைச்சரவை முடிவு செய்தது.

பிலிம் உண்மை பேசும், டிஜிட்டல் பொய் பேசும் என்று ஒரு வாதம் அடிக்கடி கேட்கப்படுகிறது. தஞ்சைப் பகுதியைச் சேர்ந்தவர்கள் இவ்வாதத்தை ஏற்கத் தயங்க வேண்டும். மறுப்பு தஞ்சாவூரிலேயே இருக்கிறது. சென்னை அரசாங்கத்தின் ஒளிப்படக்காரராக இருந்த கேப்டன் லின்னேயஸ் டிரைப் 1858-இல் பெரிய கோயிலைப் படமெடுத்தார். மெழுகூட்டிய தாளே அவருக்கு நெகடிவ். அக்காலத்து மருந்து நீல நிறத்துக்கு அளவுமீறி இணங்கியதால் வானம் வெறும் வெள்ளையாகவே பதிந்தது. டிரைப் என்ன செய்தார்? நெகடிவின் மேல் தூரிகையால் மேகங்களைத் தீட்டினார்; மரத்தின் இலைத்தொகுதி தெளிவில்லாத இடங்களிலும் கைவைத்தார். அவர் படங்களின் மேகங்களுள் பல எந்த வானத்திலும் தவழாதவை. நெகடிவில் கை வைக்கும் வழக்கம் அந்தக் கலையின் பிள்ளைப்பருவத்திலேயே தொடங்கிவிட்டது. பென்சில் முனையால் நெகடிவைத் தடவி அம்மைத் தழும்பை மறைத்த ஸ்டுடியோக்காரர் அவருடைய வழித்தோன்றலே ஆவார்.

அதே டிரைப் செய்த மற்றொரு செயல் வியப்புக்குரியது. இராசராசன் கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டை ஒரே படத்தில் அடக்க இயலாது என்று கண்டு, காமிராவைச் சிறிது சிறிதாக நகர்த்தி எடுத்து, 21 அச்சுகளை ஒட்டிச் சேர்த்து ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படச்சுருளாக ஆக்கினார். அக்கோயிலின் கல்வெட்டுகளை ஹுல்ஷ் பதிப்பித்து வெளியிடத் தொடங்கியது 1891-இல். அதற்கு 33 ஆண்டுகளுக்கு முன்பே காமிரா கல்லைப் படித்துவிட்டது.

இதே கோயிலில் ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு கழித்து அதே வேலை மறுபடி நடந்தது. கருவறையைச் சுற்றிய உள்சுற்றின் சுவர்களில் உள்ள சோழர் ஓவியங்களை 1931-இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அந்தச் சுற்று மிகக் குறுகலானது. ஓவியமோ ஆளுயரத்தைவிடப் பன்மடங்கு உயர்ந்தது. பின்வாங்கி நின்று முழுமையாகப் பார்க்கச் சுவர் இடம் தராது. எனவே எண்பது ஆண்டுக்காலம் நூல்களில் வந்தவையெல்லாம் துண்டுகளே: ஒரு முகம், ஓர் ஆடற்பெண், ஒரு யானை. கோயிலின் ஆயிரமாவது ஆண்டையொட்டித் தொல்லியல் துறை அவற்றைப் பகுதி பகுதியாக டிஜிட்டல் காமிராவில் எடுத்துக் கணினியில் பொருத்திச் சேர்த்தது. 2011-இல் நூலாகவும் வந்தது. அந்தச் சுவரின் முன் நிற்பவரும் காண முடியாத முழு ஓவியம் அப்போதுதான் பார்வைக்கு வந்தது. பிலிமாலும் இதைச் செய்திருக்கலாமே என்பர். செய்திருக்கலாம், ஆனால் ஒளி மாறாமல், கோணம் பிசகாமல், விளிம்பு பொருந்தாத ஒவ்வொன்றையும் அங்கேயே பார்த்து மறுபடி எடுக்கும் வசதி பிலிமில் இல்லை. டிஜிட்டலைப் பழிப்பவர்கள் ஒருமுறை தஞ்சாவூர் போய் வருவது நல்லது.

நன்னிலத்துக்கும் பிலிமுக்கும் வேறோர் உறவும் உண்டு. இவ்வூரை அடுத்த நல்லமாங்குடியில் 1930-இல் பிறந்த கே. பாலசந்தர், 1965-இல் ‘நீர்க்குமிழி’ தொடங்கி 2006-இல் ‘பொய்’ வரை இயக்கினார். 35 மில்லிமீட்டர்ச் சுருள் 1000 அடி ஓடுவது சுமார் 11 நிமிடம். ஒத்திகையில் தவறினால் நேரம் மட்டும் போகும். படப்பிடிப்பில் தவறினால் சுருளும் போகும். நாடக மேடையிலிருந்து வந்தவரான அவருக்கு ஒத்திகை இயல்பாகவே கைவந்திருந்தது. பிலிமின் விலை அப்பழக்கத்துக்குத் துணைநின்றது எனலாம். ‘அபூர்வ ராகங்கள்’ 1975-இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம், அதற்காக பி. எஸ். லோகநாத் ஒளிப்பதிவுக்கான தேசிய விருது பெற்றார். அப்படத்தின் நாயகன் கமல்ஹாசன் 2005-இல் ‘மும்பை எக்ஸ்பிரஸ்’ படத்தை டிஜிட்டலில் எடுத்தார். அதற்கு ஓராண்டு முன்பு, 2004-இல், பி. சி. ஸ்ரீராம் ‘வானம் வசப்படும்’ படத்தை அவ்வாறே எடுத்திருந்தார். ஒளிப்பதிவில் பெயர் பெற்ற ஒருவரே முதலில் பிலிமைக் கைவிடத் துணிந்தார் என்பது கருதத்தக்கது. ஒளியை நன்கறிந்தவருக்குச் சுருளின் மீது மூடப்பற்று இல்லை. இந்திய ஒளிப்படக் கலைஞர்களுள் தலைசிறந்தவராகப் போற்றப்பெறும் ரகு ராயும் 2003 அளவில் டிஜிட்டலுக்கு மாறினார். மாறியபின் திரும்பிப் பார்க்கவில்லை.

டிஜிட்டல் காமிராவின் பிறப்பு ஒரு நகைப்புக்கிடமான கதை. 1975-இல் கோடாக் நிறுவனத்தின் இளம் பொறியாளர் ஸ்டீவன் சாசன் அதைச் செய்தார். எடை மூன்றரைக் கிலோவுக்கு மேல். படத்தைப் பதிவு செய்தது பாட்டுக் கேட்கும் கேசட் நாடா. ஒரு படம் பதிய 23 விநாடி. படத்தில் இருந்த புள்ளிகள் மொத்தம் 10,000. பிலிம் விற்றே பெருகிய நிறுவனம், பிலிம் வேண்டாத காமிராவைத் தன் ஆய்வுக்கூடத்தில் பெற்றெடுத்தது. அதை வளர்க்க மனம் வரவில்லை. 2009-இல் புகழ்பெற்ற கோடாகுரோம் சுருளின் உற்பத்தியை நிறுத்தியது. தயாரித்த கடைசிச் சுருளை ஸ்டீவ் மெக்கரியிடம் கொடுத்தது. அதன் 36 படங்களுள் சிலவற்றை அவர் இந்தியாவுக்கு வந்து எடுத்தார். 2012 சனவரியில் அந்நிறுவனம் திவால் மனு அளித்தது.

டெல்டாவின் ஸ்டுடியோக்களுக்குள் டிஜிட்டல் நுழைந்தது கலையின் வாசல் வழியாக அன்று. பாஸ்போர்ட் படத்தின் வழியாக. ‘நாளை வாருங்கள்’ என்று சொன்னவர் ‘பத்து நிமிடம் உட்காருங்கள்’ என்று சொல்லத் தொடங்கினார். பக்கத்து ஸ்டுடியோ பத்து நிமிடத்தில் கொடுக்கும்போது இவர் மட்டும் இருட்டறைக்குள் இருந்தால் பிழைப்பு நடக்காது. ஆகவே கடன் வாங்கிக் காமிராவும் கணினியும் பிரிண்டரும் வாங்கினார். இருட்டறையின் கதவு கழன்றது. சுவரில் கறை படிந்த அந்த அறையில் கணினி ஏறிற்று. ஐம்பது வயதில் சுட்டெலியைப் பிடிக்கக் கற்றார். கற்க இயலாதவர் மகனை உட்கார வைத்தார். மகனும் இல்லாதவர் கடையை மூடினார்.

கைத்தொழிலின் உள்ளே நேர்ந்த மாற்றம் இதனினும் ஆழமானது. முன்பு தேர்வு என்பது விசையை அழுத்தும் முன் நடந்தது. எதை எடுக்க வேண்டும், எதை விட வேண்டும் என்று கண் முடிவு செய்தபின் விரல் அசைந்தது. இப்போது விரல் முதலில் அசைகிறது. தேர்வு பிறகு நடக்கிறது, அல்லது நடக்காமலே போகிறது. ஒரு கல்யாணத்தில் ஆயிரக்கணக்கில் படம் எடுத்து, ஆல்பத்துக்கு எவை என்று வீட்டாரையே பொறுக்கச் சொல்கின்றனர். ஆறு மாதமாகியும் பொறுக்கித் தராத வீடுகள் உண்டு. படம் எடுத்தவர் தம் கண்ணைப் பிறரிடம் ஒப்படைத்துவிட்டார் என்று மூத்த தொழிலாளிகள் வருந்துகின்றனர். அவ்வருத்தத்தில் நியாயம் உண்டு. ஆயினும் 36-க்குள் எழுதிய கை எல்லாமே நல்ல கை என்று எண்ணுவதும் மயக்கமே. வெண்பாவின் தளை தட்டாமல் எழுதியவர்கள் எல்லாரும் கவிஞர்கள் அல்லர் என்பதை இந்த அவை நன்கறியும்.

பெற்றதையும் சொல்ல வேண்டும். டெல்டாவின் வயல்வெளிகளில் உழைத்த எத்தனையோ பேருக்கு வாழ்நாளில் ஒரு படம்தான் இருந்தது. சிலருக்கு அதுவும் இறந்தபின் நாற்காலியில் சாத்தி உட்காரவைத்து எடுத்தது. 1993-இல் வாக்காளர் அடையாள அட்டைத் திட்டம் தொடங்கியபோது பலர் முதன்முறையாகக் காமிராவின் முன் நின்றனர். எடுத்த படத்தைச் சிரித்துக்கொண்டே பார்த்தனர், பிடிக்கவில்லை என்றாலும் வேறு படம் இல்லை. இன்று நாற்று நடும் பெண்ணின் இடுப்பில் செல்பேசி இருக்கிறது. தன் பேத்தியை அவளே படமெடுக்கிறாள். காமிரா வைத்திருந்தவர் தயவில் முகம் பெற்ற காலம் போயிற்று. துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்பவர், பிள்ளை பிறந்த ஒரு மணி நேரத்தில் அதன் முகத்தைப் பார்க்கிறார். முன்பு அந்தப் படம் தபாலில் போய்ச் சேர்வதற்குள் பிள்ளை கவிழ்ந்து படுக்கத் தொடங்கியிருக்கும். இதை இழப்பு என்று சொல்பவர், வெளியூரில் ஒரு நாளும் தனித்திருந்தவர் ஆகமாட்டார்.

பிலிம் மட்டும் சாகாவரம் பெற்றதன்று. இம்மண்ணின் ஈரக்காற்றில் நெகடிவில் பூசணம் பூத்தது; ஆல்பத்தின் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. எழுபது, எண்பதுகளின் வண்ணப் படங்கள் பல வெளிறிச் சிவந்துவிட்டன; அவற்றுக்கு முந்திய கறுப்பு வெள்ளைப் படங்களே இன்னும் தெளிவாக நிற்கின்றன. 2018 நவம்பரில் கஜா புயல் கூரைகளைப் பிரித்த வீடுகளில் நனைந்து அழிந்தவற்றுள் ஆல்பங்களும் உண்டு. அதற்கும் முன்னரே, ஸ்டுடியோவைக் காலி செய்தவர்கள் கண்ணாடி நெகடிவ்களைச் சுரண்டிக் கழுவிச் சட்டக் கண்ணாடியாக விற்றனர்; பிலிம் நெகடிவ்களை வெள்ளி எடுப்பவர்கள் எடைக்கு வாங்கிப் போயினர். ஊரின் முகங்கள் கிலோக் கணக்கில் விலைபோயின.

எஞ்சியவற்றைத் தேடிப் புறப்பட்டவர்களும் உண்டு. 1955-இல் அமைந்த புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தென்னாட்டுக் கோயில்களை எடுத்த ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைத் தன்னிடம் வைத்திருக்கிறது. அண்மைக் காலத்தில், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்ட உதவியோடு, அந்நிறுவனத்தார் தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோக்களைத் தேடிச் சென்று குடும்பப் படங்களையும் நெகடிவ்களையும் டிஜிட்டலில் படியெடுத்தனர். பிலிமைக் காக்க டிஜிட்டலே வந்தது என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

அவர்கள் தேடியவை நூறாண்டுப் பழமையுள்ளவை. தேடிக் கிடைத்தன, தூசு தட்டினால் தெரிந்தன. இனி வேறோர் ஆண்டுக்கணக்கைப் பார்க்க வேண்டும். டிஜிட்டல் டெல்டாவுக்கு வந்த முதல் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளின் படங்கள் எங்கே? குறுந்தகட்டில் எழுதி, மேலே மணமக்கள் பெயரைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். அத்தகடுகளின் பூச்சு உரிந்துவிட்டது. உரியாதவற்றைப் போட்டுப் பார்க்கும் கருவி இன்றைய கணினிகளில் இல்லை. ஸ்டுடியோவில் இருந்த வன்தட்டு பழுதானபோது, அதில் இருந்த முந்நூறு கல்யாணங்களும் ஒரே நாளில் போயின. அட்டை விலை மிகுதியாக இருந்த காலத்தில் அடுத்த விசேஷத்துக்காக முந்திய விசேஷத்தை அழித்தனர். பாட்டனாரின் 1950-ஆம் ஆண்டுக் கல்யாணப் படம் சுவரில் தொங்குகிறது. பேரனின் 2006-ஆம் ஆண்டுக் கல்யாணப் படம் கிடைக்கவில்லை. இது எங்கோ ஒரு வீட்டுக் கதை அன்று. இந்த அவையில் உள்ளோர் தத்தம் வீட்டு அலமாரியைத் திறந்தால் தெரியும்.

இத்தகைய இடைவெளி தமிழுக்குப் புதிதன்று. டிரைப் தஞ்சாவூருக்கு வருவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1855-இல், பிறந்தார் கும்பகோணத்தை அடுத்த உத்தமதானபுரத்தைச் சேர்ந்த உ.வே.சாமிநாதையர். ஓலையில் எழுதியது இந்த வெப்பத்திலும் பூச்சியிலும் தானாக நிலைக்காது. பழைய ஏடு நொறுங்கும் முன் ஒருவர் உட்கார்ந்து புதிய ஏட்டில் படியெடுத்தாக வேண்டும். பல நூற்றாண்டுகள் அது தவறாமல் நடந்தது. அச்சு வந்தது, ஏடு எழுதுவோர் குறைந்தனர், ஆனால் எல்லா நூலும் அச்சேறிவிடவில்லை. கைவிட்ட பழைய முறைக்கும் முழுமையாக வந்துசேராத புதிய முறைக்கும் இடையில் விழுந்தவையே மறைந்தன. ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விட்ட கொடுமையை ஐயரவர்கள் மனம் நொந்து எழுதியிருக்கிறார். ஏடுகளை விட்டவர்கள் தீயவர்கள் அல்லர். தம் வீட்டில் இருப்பது இன்னது என்று அறியாதவர்கள். சீவக சிந்தாமணி 1887-இல் அச்சேறியதற்குக் காரணம், யாரோ பெயர் தெரியாத ஒருவர் அதற்கு முன் கடைசியாக ஒருமுறை படியெடுத்து வைத்திருந்ததே.

ஓலையைப் போன்றதே டிஜிட்டல் படமும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை யாராவது ஒருவர் பொறுப்பேற்றுப் புதிய இடத்துக்குப் படியெடுக்காவிட்டால் அது இருக்காது. நெகடிவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பெட்டியில் போட்டு மறந்துவிட்டால்கூடப் பாதியாவது பிழைத்திருந்தது. மறதிதான் பல படங்களைக் காத்தது என்றும் சொல்லலாம். டிஜிட்டலை மறந்தால் அது அழியும். ஸ்டுடியோக்காரர் காசுக்காகச் செய்த காவலை இப்போது காசில்லாமல் யார் செய்வது என்பதே கேள்வி.

கவிஞர் அவையாதலின் ஓர் எடுத்துக்காட்டைச் சொல்லாமல் விட முடியாது. பாரதியாரின் உண்மைப் படங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. 1919-இல் அவர் காரைக்குடி சென்றபோது அங்கிருந்த இந்து மதாபிமான சங்கத்தார் அவரை உட்காரவைத்துத் தங்கள் சங்கத்தோடு ஒரு குழுப்படம் எடுத்துக்கொண்டனர். கையில் கோலோடு அவர் அமர்ந்திருக்கும் முகத்தைத் தமிழர் இன்று கண்ணை மூடினாலும் காண்பதற்கு அப்பயணம் ஒரு காரணம். இரண்டாண்டு கழித்து அவர் மறைந்தார். அச்சங்கத்தார் அன்று ஒரு பெரிய வரலாற்றுப் பணி செய்வதாக எண்ணியிருக்கமாட்டார்கள். ஊருக்கு வந்த கவிஞரோடு படம் எடுத்துக்கொள்ளும் ஆசைதான். எடுத்தபின் அச்சிட்டார்கள், சட்டம் போட்டார்கள், சுவரில் மாட்டினார்கள்.

பழைய குழுப்படங்களின் அடியில் ஒரு வரி இருக்கும்: ‘அமர்ந்திருப்போர், இடமிருந்து வலமாக’, அதன் கீழ், ‘நிற்போர்’. ஒவ்வொருவர் பெயரும் ஊரும் பட்டப்பெயரோடு வரிசையாக வரும். படத்தைவிட அந்த வரியை எழுதுவதற்கே அதிக நேரம் பிடித்திருக்கும். பெயர் விடுபட்டால் சண்டை வரும். டிஜிட்டல் படத்துக்குக் காமிராவே ஒரு பெயர் வைத்துவிடுகிறது: ‘டிஎஸ்சி 0412’. அந்தப் பெயரில் ஊரும் இல்லை, ஆளும் இல்லை. படம் பிழைத்திருந்தாலும் பெயர் பிழைத்திராது. ஐம்பது ஆண்டுக்குப் பின் அதைத் திறப்பவர், ‘இவர்கள் யாரோ’ என்று மூடிவிடுவார்.

இவ்விழா முடிந்தபின் உறுப்பினர்கள் அனைவரும் மேடையில் நின்று குழுப்படம் எடுத்துக்கொள்ளவிருப்பதாக அமைப்பாளர்கள் அறிவித்துள்ளனர். எடுப்பது டிஜிட்டல் காமிராதான். வேறு எதிலும் எடுக்க வேண்டியதில்லை. அதில் மூன்று படிகளைக் கறுப்பு வெள்ளையில் தாளில் அச்சிட்டு, ஒன்றை நூலகத்துக்கும், ஒன்றை வட்டத்தின் அலுவலகத்துக்கும், ஒன்றைத் தொலைவில் உள்ள ஓர் உறுப்பினர் வீட்டுக்கும் கொடுத்துவைத்தல் நலம். செலவு ஒரு தேநீர் விருந்துக்கு ஆவதைவிடக் குறைவே. முதலாண்டுப் படம் யாருடைய செல்பேசியிலேனும் எஞ்சியிருந்தால் அதையும் அதனோடு சேர்த்து அச்சிட வேண்டும். மலருக்குப் படத்தை அனுப்பும் முன், யார் எந்த இடத்தில் நின்றார் என்பது மறப்பதற்குள், செயலாளர் ஒரு தாளை எடுத்து எழுதத் தொடங்கலாம்: அமர்ந்திருப்போர், இடமிருந்து வலமாக.